வேலைக்கு உதவாத சான்றிதழ்!

பிறந்ததும் ஒரு சான்றிதழ். பள்ளியில் சேர ஒன்று. பள்ளியைவிட்டு விலக ஒன்று. சாதிக்கு ஒன்று, வருமானத்துக்கு ஒன்று, இருப்பிடத்துக்கு ஒன்று. ஓய்வூதியம் பெறுபவர் ஆண்டுதோறும் தாம் உயிரோடிருப்பதற்கே ஒரு சான்றிதழ் தர வேண்டும். இறந்தபின் வாரிசுகள் அலைந்து வாங்குவதற்கும் ஒன்றிரண்டு காத்திருக்கின்றன. இவற்றில் எதையும் நாம் விரும்பிப் பெறுவதில்லை. கேட்கிறார்கள் என்பதால் பெறுகிறோம். சான்றிதழ் என்ற சொல்லைக் கேட்டதும் நம் நினைவுக்கு வருவது வரிசையும் முத்திரையும் நகல் எடுக்கும் கடையும்தாம்.

இத்தகைய சூழலில், வேலை தராத, ஊதியத்தை உயர்த்தாத, எந்த அலுவலகத்திலும் எவரும் கேட்காத ஒரு சான்றிதழுக்காகச் சிலர் பத்தாண்டு, இருபதாண்டு உழைக்கிறார்கள் என்றால் வியப்பாகத்தான் இருக்கும். வீட்டின் ஓர் அறையில் சின்னஞ்சிறு தண்டவாளம் அமைத்து, அதில் உண்மை ரயிலின் அளவுமாறா உருவங்களை ஓடவிடும் 'மாதிரி ரயில்' பொழுதுபோக்கில் அப்படியொரு சான்றிதழ் முறை அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நடைமுறையில் உள்ளது. அதன் மதிப்பு என்ன என்பதைச் சிந்திப்பது, ரயில் பிரியர்களுக்கு மட்டுமன்றி, சான்றிதழ்களைக் குவித்துக்கொண்டே அவற்றின் பொருளை இழந்துவரும் நமக்கும் பயன் தரும் என்று கருதுகிறேன்.

நான் சீர்காழியில் வசிப்பவன். பள்ளி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். மீட்டர்கேஜ் காலத்து ரயில்பெட்டிகளையும் நிலையக் கட்டடங்களையும் அட்டையிலும் மரத்திலும் சிறு உருவில் செய்துபார்ப்பது என் மாலை நேர வேலை. பள்ளிக் கண்காட்சிகளுக்கு நடுவராகச் சென்ற பழக்கமும் உண்டு. இந்த இரண்டு அனுபவங்களும் சேர்ந்தே இக்கட்டுரையை எழுதத் தூண்டின.

முதலில், பொம்மை ரயிலுக்கும் மாதிரி ரயிலுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பொம்மை ரயில், ரயில்போல இருந்தால் போதும். மாதிரி ரயிலோ ஒரே விகிதத்தில் சிறுத்திருக்க வேண்டும். உலகில் மிகுதியாகப் புழங்கும் 'எச்.ஓ.' என்ற அளவு, உண்மையில் ஏறத்தாழ 87-இல் ஒரு பங்கு. சென்னை பெரம்பூரில் 1955-இல் தொடங்கப்பட்ட ஐ.சி.எஃப். தொழிற்சாலையின் அகலப்பாதைப் பெட்டி 21.3 மீட்டர் நீளம் கொண்டது; இந்த அளவில் அது 24.5 சென்டிமீட்டராகும். ஐந்தரை அடி உயர மனிதர் இரண்டு சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடுவார். சீர்காழிக்கும் மயிலாடுதுறைக்கும் இடையே உள்ள ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவு 230 மீட்டராகச் சுருங்கும். அதுவும் எந்த வீட்டுக்கும் பெரிதுதான். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது, விட்டபின்னும் ஊர் ஊராகவே தெரியச் செய்வது எப்படி என்ற கேள்விகளிலிருந்தே இக்கலை தொடங்குகிறது.

இதற்கு ஒரு தரம் வேண்டும் என்ற எண்ணம் நடைமுறைச் சிக்கலிலிருந்து பிறந்தது. 1930-களில் அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தின் மாதிரிப் பெட்டி இன்னொரு நிறுவனத்தின் தண்டவாளத்தில் ஓடாது; சக்கரத்தின் அகலம் ஒத்துவராது; இணைப்புக் கொக்கிகள் ஒன்றோடொன்று பொருந்தா. இதைச் சீர்செய்ய 1935-இல் மில்வாக்கி நகரில் ஆர்வலர்களும் தயாரிப்பாளர்களும் கூடி, தேசிய மாதிரி ரயில்பாதைச் சங்கத்தை நிறுவினார்கள். சக்கரம், தண்டவாளம், இடைவெளி ஆகியவற்றுக்கு அளவுகள் வகுத்தார்கள். அவற்றைச் சோதிக்க உள்ளங்கையில் அடங்கும் ஓர் உலோகத் தகட்டையும் உருவாக்கினார்கள். பொருளுக்குத் தரம் வகுத்தவர்கள், கால் நூற்றாண்டுக்குப்பின், மனிதரின் திறனுக்கும் தரம் வகுக்க முற்பட்டார்கள். அதுவே 'சாதனைத் திட்டம்' என்ற சான்றிதழ் முறை.

நெடுங்காலமாக இருந்துவரும் அதன் விதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மொத்தம் 11 சான்றிதழ்கள். அவை நான்கு பிரிவுகளில் அடங்கும். முதல் பிரிவு எஞ்சின்களும் பெட்டிகளும் செய்வது. இரண்டாவது, கட்டடங்கள், நிலக்காட்சி, உண்மையான ஓர் இடத்தை அப்படியே உருவாக்கிக் காட்டுதல். மூன்றாவது, தடம் அமைத்தல், மின்னிணைப்பு, ரயில்களைக் கால அட்டவணைப்படி இயக்குதல். நான்காவது, பிறருக்குப் பயன்படும் பணி: சங்கப் பொறுப்பு, தொண்டு, எழுத்து. ஏழு சான்றிதழ்களைப் பெற்று, அவற்றில் நான்கு பிரிவுகளும் இடம்பெற்றிருந்தால், அவர் 'மாதிரி ரயில் வல்லுநர்' என்ற நிலையை எட்டுகிறார். இத்தனை ஆண்டுகளில் உலகில் சில நூறு பேரே அந்நிலையை எட்டியிருக்கிறார்கள்.

செய்த உருவை மதிப்பிடும் முறை இன்னும் கவனிக்கத்தக்கது. மொத்தப் புள்ளிகள் 125. கட்டுமானத் திறனுக்கு 40, நுணுக்கங்களுக்கு 20, மூலத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதற்கு 25, வண்ணப்பூச்சுக்கும் எழுத்துக்கும் 25, கடையில் வாங்கிய உறுப்புகளைப் பொருத்தாமல் தகடு, கம்பி, மரம் ஆகியவற்றிலிருந்து தாமே உருவாக்கியதற்கு 15. இதில் 87.5 புள்ளிகள், அதாவது நூற்றுக்கு எழுபது, பெற்றால் அந்த உரு தகுதி பெறும். பெட்டிகளுக்கான சான்றிதழுக்கு எட்டுப் பெட்டிகள் செய்ய வேண்டும். அவற்றில் நான்காவது இத்தகுதியைப் பெற வேண்டும். கட்டடங்கள் என்றால் பன்னிரண்டு, அவற்றில் ஆறு.

இம்முறையின் முதல் சிறப்பு, இது போட்டியன்று என்பதே. போட்டியில் ஒருவர் வெல்ல மற்றவர் தோற்றாக வேண்டும். இங்கே நூறு பேர் வந்து நூறு பேரும் 87.5-ஐத் தாண்டினால் நூறு பேருக்கும் சான்றிதழ் உண்டு. ஒரே ஒருவர் வந்து, அவர் 87 பெற்றால், அவருக்கு இல்லை.

இது நமக்குப் புதிதன்று. டெல்டா மாவட்டங்களின் சிற்றூர்களில் தட்டச்சுப் பயிலகத்தின் ஒலி கேட்காத கடைத்தெரு ஒருகாலத்தில் இருந்ததில்லை. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் ஆங்கிலத் தட்டச்சுத் தேர்வில் இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொற்கள், முதுநிலைக்கு 45 சொற்கள் என்பது வேக அளவு. பக்கத்தில் அமர்ந்திருப்பவர் என்ன வேகத்தில் தட்டினாலும் தேர்வருக்குக் கவலையில்லை. அவருடைய எதிரி கடிகாரம் மட்டுமே. அதனால்தான் பயிலகத்தில் மூத்த மாணவர், இளைய மாணவருக்கு விரல் வைக்கும் முறையைத் தயங்காமல் சொல்லிக்கொடுத்தார். பிறர் உயர்ந்தால் தாம் தாழ்வோம் என்ற அச்சம் இல்லாத இடத்தில்தான் கல்வி கைமாறும்.

இதற்கு எதிர்நிலையில், நவராத்திரிக் கொலுப் போட்டிகளை நோக்கலாம். தமிழ் வீடுகளில் மாதிரி உலகம் அமைக்கும் மரபு நமக்கு உண்டு. படிகளுக்குக் கீழே மணல் பரப்பி, கேழ்வரகு முளைக்கவிட்டு, குளம் வெட்டி, கோயில் எழுப்பி, சுற்றிலும் சாவி கொடுத்த ரயிலை ஓடவிட்ட கொலுப் பூங்காக்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அதற்கு இப்போது பரிசுகள் தருகிறார்கள், மகிழ்ச்சியே. ஆனால், முதல் பரிசு எதற்காகக் கிடைத்தது என்று வென்றவருக்கும் தெரியாது. ஏன் கிடைக்கவில்லை என்று மற்றவர்களுக்கும் தெரியாது. நடுவருக்குப் பிடித்திருந்தது என்பதோடு முடிந்துவிடுகிறது. அடுத்த ஆண்டு எதைச் சீராக்குவது என்று எவருக்கும் வழி தெரிவதில்லை.

பள்ளிக் கண்காட்சிகளில் வேறொரு நோய். கடையில் ஆயத்தமாக விற்கும் எரிமலையையும் காற்றாலையையும் வாங்கிவந்து வைத்த மாணவருக்கும், பழைய மிதிவண்டி டைனமோவைப் பிரித்து மாதக்கணக்கில் முயன்ற மாணவருக்கும் ஒரே நிறத்தில், ஒரே எழுத்தில், 'பங்கேற்புச் சான்றிதழ்'. எவர் மனமும் நோகக் கூடாது என்ற நல்லெண்ணம் அதற்குக் காரணம். ஆனால், டைனமோவைப் பிரித்த சிறுவன் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எதுவும் பேசாமல் போவதை ஒன்றுக்கு மேற்பட்ட முறை பார்த்திருக்கிறேன். அவனுடைய உழைப்பை எவரும் உற்றுப்பார்க்கவில்லை என்பதை அந்தச் சான்றிதழே அவனுக்குச் சொல்லிவிட்டது.

உற்றுப்பார்த்தல் என்பதே நல்ல சான்றிதழின் உயிர். 125 புள்ளிகளைப் பிரித்துப் போட வேண்டிய நடுவர், பெட்டியைத் தலைகீழாகத் திருப்பி அடிச்சட்டத்தைப் பார்த்தாக வேண்டும். பிரேக் குழாய் இருக்கிறதா, எழுத்தின் உயரம் சரியா, கூரையின் காற்றுப்போக்கிகள் உரிய இடத்தில் உள்ளனவா என்று எண்ண வேண்டும். நம் வேலையை அறிந்த ஒருவர் அரை மணி நேரம் அமர்ந்து அதை மட்டுமே பார்க்கிறார் என்பது எந்தக் கோப்பையைவிடவும் பெரிய மரியாதை. அவர் எழுதித்தரும் குறிப்புகள் சான்றிதழைக் காட்டிலும் பயனுள்ளவை.

இரண்டாவது சிறப்பு, இது மனிதரை அவர் தவிர்க்க விரும்பும் திசைக்கு அழைத்துச் செல்கிறது. பொழுதுபோக்கு என்றால் பிடித்ததை மட்டுமே செய்வது இயல்பு. மரவேலை பிடித்தவர் மின்கம்பியைத் தொடமாட்டார். மின்னிணைப்பில் வல்லவர் ஒரு மரத்தையோ வயலையோ உருவாக்க மெனக்கெடமாட்டார். தனியே செய்து மகிழ்பவருக்கு எழுதவோ கற்பிக்கவோ நேரமிராது. ஏழு சான்றிதழ்களும் நான்கு பிரிவுகளும் என்ற விதி இந்தச் சுவர்களை இடிக்கிறது. இயக்கத்துக்கான சான்றிதழ் பெற, பிறரோடு சேர்ந்து ஐம்பது மணி நேரமாவது கால அட்டவணைப்படி மாதிரி ரயில்களை இயக்கியிருக்க வேண்டும். ஓட்டுநராக மட்டுமன்றி, எல்லா ரயில்களுக்கும் வழிவிடும் கட்டுப்பாட்டாளராகவும் பணியாற்ற வேண்டும். தடம் அமைப்பதற்கான சான்றிதழுக்கு, பாயிண்டு போன்ற தட உறுப்புகளைத் தாமே செய்து, அவற்றின்மீது ரயிலை ஓட்டிக்காட்ட வேண்டும். வேலை ஓய்வுபெற்ற ஒருவர் அறுபத்தைந்தாம் வயதில் மின்சுற்று பயில்வதற்கும், கூச்சமுள்ள ஓர் இளைஞர் நான்கு பேரோடு சேர்ந்து உழைப்பதற்கும் இதைவிட மென்மையான கட்டாயம் இருக்க முடியாது.

மூன்றாவது சிறப்பே எனக்கு முக்கியமாகப் படுகிறது. அது நம் மண்ணோடு தொடர்புடையது. 'மூலத்தோடு ஒத்திருத்தல்' என்பதற்கு 25 புள்ளிகள் என்றேன். ஒத்திருக்கிறது என்று செய்தவர் சொன்னால் போதாது. படமோ வரைபடமோ அளவோ ஆதாரமாகத் தர வேண்டும். அதாவது, சான்றிதழ் கேட்பவர் கைவினைஞராக மட்டும் இருக்க முடியாது. வரலாற்றாய்வாளராகவும் ஆகியே தீர வேண்டும்.

நம் பகுதியின் ரயில் வரலாறு எளிதானதன்று. தென்னகத்தின் தொடக்ககால ரயில்பாதைகளுள் ஒன்று 1861-இல் நாகப்பட்டினத்துக்கும் தஞ்சாவூருக்கும் இடையே போடப்பட்டது. அகலப்பாதையாகத் தொடங்கிய அது 1875-இல் மீட்டர்கேஜாக மாற்றப்பட்டது. ஒன்றேகால் நூற்றாண்டுக்குமேல் கடந்து அதே மண்ணில் மீட்டர்கேஜ் மீண்டும் அகலப்பாதையானது. 1894-இல் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்குச் சென்ற பாதை தஞ்சை ஜில்லா போர்டுக்குச் சொந்தமாக இருந்தது. நாகப்பட்டினத்தில் இயங்கிய ரயில்வே பணிமனை 1928-இல் திருச்சி பொன்மலைக்கு மாற்றப்பட்டது. 1926-இல் திறக்கப்பட்ட மயிலாடுதுறை - தரங்கம்பாடி பாதை 1980-களில் மூடப்பட்டுத் தடமே அழிந்தது. சென்னை எழும்பூரிலிருந்து விழுப்புரம், கடலூர், சிதம்பரம், சீர்காழி, மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் என்று சென்ற பழைய 'மெயின் லைன்' எங்கள் ஊர்களின் உயிர்நாடியாக இருந்தது. அகலப்பாதைப் பணிக்காக விழுப்புரம் - மயிலாடுதுறைத் தடம் சில ஆண்டுகள் மூடப்பட்டு, 2010-இல் புதுத் தடமாகத் திறக்கப்பட்டது. வேகமும் வசதியும் வந்தன. எவரும் குறை சொல்ல முடியாது. ஆனால், ஒரு காலத்தின் பொருள்கள் பெருமளவில் மறைந்தன: கைகாட்டி மரங்கள், நெம்புகோல் அறைகள், ஒற்றைத் தடத்தில் ஓட்டுநர் கைமாற்றிக்கொண்ட டோக்கன் வளையம், சரக்குக் கொட்டகைகள்.

அவற்றுள் ஒரு சரக்குக் கொட்டகையை நான் உருவாக்க முயன்றேன். அதன் கதவு என்ன நிறம் என்று ஊரில் மூன்று முதியவர்களைக் கேட்டேன். ஒருவர் சாம்பல் என்றார், இன்னொருவர் செங்காவி, மூன்றாமவர் கதவே இல்லை என்று அடித்துச் சொன்னார். இறுதியில் ஒரு குடும்பத்தின் பழைய திருமணத் தொகுப்பில், மாப்பிள்ளை வீட்டார் வந்திறங்கும் படத்தின் ஓரத்தில், அந்தக் கதவு பாதி தெரிந்தது. படம் கறுப்பு வெள்ளை. எனவே நிறம் இன்னமும் தீரவில்லை. ஆனால், கதவு இருந்தது என்பதும், அது நகரும் கதவு என்பதும், அதன் மேலே ஓட்டுக்கூரை எத்தனை வரிசை என்பதும் தெரிந்துவிட்டன. நூறு ஆண்டுகள் ஆயிரக்கணக்கான நெல்மூட்டைகள் கடந்துசென்ற ஒரு வாசலைப் பற்றி ஓர் ஊருக்கு எஞ்சிய ஆவணம் இவ்வளவுதான். அப்படத்துக்குரிய பாட்டி, அதைத் தேடிவந்த முதல் ஆள் நான்தான் என்றார்.

யாரும் கேட்காமல் இப்படி அலைபவர்கள் சிலர் உண்டு. ஆனால், 'ஆதாரம் எங்கே' என்று கேட்கும் ஒரு முறை இருந்தால், அலைபவர்களின் எண்ணிக்கை பெருகும். தேடிக் கண்டது ஒருவருடைய மேசை இழுப்பறையில் முடங்காமல் எழுத்தாகப் பதியும். சான்றிதழின் பயன் பெறுபவரைத் தாண்டி ஊருக்கும் வந்து சேரும்.

இதற்கு மறுப்புகள் உண்டு. அவை எளிதில் தள்ளத்தக்கவை அல்ல. முதலாவது, பொழுதுபோக்கு மகிழ்ச்சிக்காக. அதிலும் மதிப்பெண்ணைப் புகுத்தினால் அது இன்னொரு பள்ளிக்கூடமாகிவிடும் என்பது. இந்த ஐயத்துக்கு ஆய்வுச் சான்றே உள்ளது. 1973-இல் அமெரிக்க உளவியலாளர்கள் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். வண்ணப் பேனாக்களால் வரைவதில் இயல்பாகவே விருப்பமுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு குழுவினரிடம், படம் வரைந்தால் தங்க நிற முத்திரையும் நாடாவும் கொண்ட சான்றிதழ் தருவதாகச் சொன்னார்கள்; சொன்னபடி தந்தார்கள். சில நாள்களுக்குப்பின் கவனித்தபோது, அந்தக் குழந்தைகள் மற்ற குழந்தைகளைவிடப் பாதி நேரமே வரைதலில் செலவிட்டனர். விருப்பமாக இருந்தது கூலி வேலையாகிவிட்டது. எதிர்பாராமல் சான்றிதழ் பெற்ற குழுவுக்கோ, எதுவும் பெறாத குழுவுக்கோ இந்தச் சரிவு நேரவில்லை.

இந்த ஆய்வை நான் மதிக்கிறேன். ஆனால், அது கண்டிப்பது எதை என்று பார்க்க வேண்டும். அக்குழந்தைகளுக்குத் தரப்பட்டது, வரைந்ததற்கான கூலி. எப்படி வரைந்தார்கள் என்பதை அந்தச் சான்றிதழ் சொல்லவில்லை. நம் பள்ளிகளின் பங்கேற்புச் சான்றிதழுக்கு நெருங்கிய உறவு அது. ஏற்கெனவே ஆழ்ந்த விருப்பத்தோடு ஒரு கலையில் இறங்கியவர், தானே முன்வந்து, வெளிப்படையான ஓர் அளவோடு தன் வேலையை ஒப்பிட்டுக்கொள்வது வேறு. அங்கே சான்றிதழ் கூலியாக நிற்பதில்லை, கண்ணாடியாக நிற்கிறது. ஆகவே, குழந்தைகளிடம் இதைத் திணிக்கக் கூடாது, கேட்டு வருபவருக்கே தர வேண்டும் என்பதே அந்த ஆய்வு நமக்குத் தரும் எச்சரிக்கை.

இரண்டாவது மறுப்பு, இது மேலைநாட்டு வசதியுள்ளோர் வகுத்த முறை. நமக்குப் பொருந்துமா என்பது. இதில் உண்மை உண்டு. எச்.ஓ. தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர், அது 1,435 மில்லிமீட்டர் கொண்ட மேலைநாட்டுத் தரப்பாதைக்கு உரியது. நம் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். அதே விகிதத்தில் 19 மில்லிமீட்டருக்குமேல் வேண்டும். மீட்டர்கேஜுக்கோ பதினொன்றரை மில்லிமீட்டர் போதும். சந்தையில் அதற்கு நெருக்கமாகக் கிடைப்பது 12 மில்லிமீட்டர் தடம். நம் மீட்டர்கேஜில் ஓடிய ஒய்.பி. நீராவி எஞ்சினோ, ஒய்.டி.எம்.4 டீசல் எஞ்சினோ கடைக்குப் போய் எளிதில் வாங்கிவரக் கூடியவை அல்ல. ஆனால், இந்தக் குறையே நமக்கு வாய்ப்பு. வாங்க முடியாததால் செய்தே தீர வேண்டியிருக்கிறது. செய்வதற்குக் கைகளும் இங்கே உண்டு. குளங்களில் வளரும் நெட்டித்தண்டைச் சீவிப் பெரிய கோயிலைக் கைப்பிடி அளவில் வடிக்கும் கலைஞர்கள் தஞ்சையில் இருக்கிறார்கள். அந்த நெட்டிவேலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. அட்டையும் பசையும் கத்தியும் பொறுமையும் இருந்தால் ஒரு நிலையக் கட்டடத்தை எழுப்பச் சில நூறு ரூபாய் போதும்.

இந்தியரால் முடியுமா என்ற கேள்விக்குப் புணே நகரம் விடை தருகிறது. பாவூ ஜோஷி என்ற ஆர்வலர் வாழ்நாள் முழுதும் வளர்த்த பொழுதுபோக்கு, 1998 முதல் அங்கே ஒரு சிற்றுருவ ரயில் அருங்காட்சியகமாக இயங்கிவருகிறது. பள்ளிக் குழந்தைகள் வரிசையில் நின்று பார்க்கும் இடமாக அது ஆகியிருக்கிறது.

மூன்றாவது, பயனற்ற பொழுதுபோக்குக்குச் சான்றிதழ் எதற்கு என்ற நேரடிக் கேள்வி. பயன் எப்போது வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. விருப்ப வானொலி இயக்குபவர்கள் நம் நாட்டில் மத்திய அரசு நடத்தும் தேர்வெழுதி உரிமம் பெற வேண்டும். அதுவும் ஒரு பொழுதுபோக்கே. அதில் வருவாய் ஈட்டச் சட்டமே இடம் தராது. 2004 டிசம்பரில் சுனாமி தாக்கியபோது, பொழுதுபோக்குக்காக அந்தமானுக்குச் சென்றிருந்த அத்தகைய குழு ஒன்று, மற்றத் தொடர்புகள் அறுந்த நிலையில் போர்ட் பிளேரிலிருந்து செய்திகளைப் பரிமாறியது. தேர்வுக்காகக் கற்றுவைத்த ஒழுங்குதான் அன்று அவர்களுக்குக் கைகொடுத்திருக்கும். சீர்காழிக் கடற்கரையில் அந்த நாளை நேரில் கண்ட எங்களுக்கு, ஒரு செய்தி போய்ச் சேர்வதன் மதிப்பு நன்றாகத் தெரியும்.

எங்கள் ஊரின் பெருமைக்குரிய ஒருவரை இங்கே நினைவுகூர்வது பொருத்தம். 1933-இல் சீர்காழியில் பிறந்த கோவிந்தராஜன், சென்னையில் தமிழிசைச் சங்கத்தின் இசைக் கல்லூரியில் பயின்று 'இசைமணி' பட்டம் பெற்றார். பின்னாளில் நாடறிந்த பாடகரானபின் அவருக்கு எத்தனையோ விருதுகள் வந்தன. ஆயினும், தொடக்கத்தில் முறைப்படி பயின்று பெற்ற அந்த 'இசைமணி'யைத் தம் பெயருக்குமுன் அவர் விடவில்லை. பரிசு பிறர் தருவது. தகுதி தாம் ஈட்டியது. இந்த வேறுபாட்டை அறிந்தவர்களுக்கு ஒரு தாளின் மதிப்பை விளக்க வேண்டியதில்லை.

டெல்டா மாவட்டங்களில் இத்தகைய முறையைச் சிறிய அளவிலேனும் தொடங்க முடியும். அதற்குக் கட்டடம் வேண்டாம், மானியம் வேண்டாம். ஒரு நூலகத்தின் அறையும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும். ரயில் மட்டுமே செய்ய வேண்டும் என்பதுமில்லை. மதகு, கலம், களத்துமேடு, கோயில் தேர் என்று நம் பகுதியின் எந்தப் பொருளையும் அளவு பிசகாமல் உருவாக்கலாம். ஆனால், சில நெறிகளை விட்டுக்கொடுக்கக் கூடாது. புள்ளிப் பட்டியல் முன்னரே அச்சிட்டு எல்லோர் கையிலும் தரப்பட வேண்டும். பங்கேற்புக்குச் சான்றிதழ் கிடையாது. கட்டணம் கிடையாது. மூலத்துக்கான ஆதாரம் கட்டாயம். நடுவர்கள் குறைந்தது இருவர். அவர்களின் குறிப்பு எழுத்தில் தரப்பட வேண்டும். தகுதி பெறாத உருவை எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்திக் கொண்டுவரலாம். தகுதி பெற்றவர் அடுத்து வருபவருக்குக் கற்பித்தாக வேண்டும்.

நடுவர்களுக்கு நாம் வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. மீட்டர்கேஜ் எஞ்சினை ஓட்டியவர்கள், கைகாட்டியை இழுத்தவர்கள், பொன்மலைப் பணிமனையில் ஆணி அறைந்தவர்கள் இன்னும் நம்மிடையே ஓய்வூதியம் பெற்றுக்கொண்டு வாழ்கிறார்கள். ஒரு பெட்டியின் அடிச்சட்டத்தைத் திருப்பிப் பார்த்ததும் எது தவறு என்று சொல்ல அவர்களால் முடியும். அவர்களுக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது. அவர்களிடம் நாம் கேட்காமல்விட்ட ஒவ்வோர் ஆண்டும் ஒரு கதவின் நிறம், ஒரு மணியின் ஒலிமுறை, ஒரு பெயர்ப்பலகையின் எழுத்து நம்மைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது.

சான்றிதழ் என்பது, உன் வேலையை நான் பார்த்தேன் என்று அறிந்தவர் ஒருவர் கையெழுத்திட்டுச் சொல்வது. பார்க்காமலே கையெழுத்திடப்பட்ட தாள்கள் நம் வீடுகளில் கோப்பு கோப்பாக இருக்கின்றன. பார்த்துக் கையெழுத்திட்ட ஒரு தாள் கிடைக்கும் என்றால், அதற்காக ஒரு பதினைந்து வயது மாணவி தம் ஊர் நிலையத்தை அளக்க நாடாவோடு கிளம்புவாள். எழுபது வயதுப் பெரியவர் ஒருவர், தமக்குத் தெரிந்ததைக் கேட்க ஆள் வந்ததென்று திண்ணையில் இடம் ஒதுக்கித் தருவார். அந்த இருவரும் சந்திப்பதற்குள் காலம் கடந்துவிடக் கூடாது.